இரண்டு பொங்கலுக்குப் பிறகு கூகுள்டிராஃபிக்

"தீபாவளி நெரிசலை ராஸ்டராக, அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு எண் இருக்கும் வரைபடமாக, எடுத்து வைக்கணும். ஆர் என்ற நிரல்மொழியில் இருக்கும் அந்த கூகுள்டிராஃபிக் தொகுப்பை நம்பி இறங்கலாமா?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். இரண்டு பொங்கல் நெரிசலை அதை வைத்துத்தான் பதிவு செய்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

வேலை செய்யும் விதம் எளிதுதான். பின்னால் குரோம் உலாவியில், நெரிசலை நிறத்தில் காட்டும் கூகுள் வரைபடத்தைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, அடர்சிவப்பு நான்கும் 1 முதல் 4 வரை எண்களாகின்றன; 1 என்றால் நெரிசல் இல்லை, 4 என்றால் கடும் நெரிசல். மையப்புள்ளி, ஜூம், படத்தின் அளவு மூன்றையும் வைத்து ஒவ்வொரு பிக்சலும் நிலத்தில் அதனதன் இடத்தில் போய் உட்காருகிறது.

ஜூம் 16-இல் தாம்பரம் முதல் கிளாம்பாக்கம் வரை ஜிஎஸ்டி சாலையை எடுத்துப் பாருங்கள். சென்னை அட்சரேகையில் ஒரு பிக்சல் சுமார் 2.3 மீட்டர். போகும் பக்கம், வரும் பக்கம் இரண்டும் தனித்தனிக் கோடு. முதல் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தைக் கால் மணிக்கு ஒரு படமாக எடுத்து, வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். வண்டிகள் தெற்கே போகின்றன. ஆனால் 4 என்ற எண் வண்டலூரில் தொடங்கி, பெருங்களத்தூரைத் தாண்டி, வடக்கே தாம்பரம் நோக்கி ஊர்ந்து வருகிறது. எதிர்ப்பக்கம் முழுக்க 1. அந்தச் சாலையில் பஸ்ஸுக்குள் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். வரிசையின் வால் எப்படி வளர்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. கோட்டின் தடிமன் திரையில் வரைந்த தடிமன், சாலையின் அகலம் இல்லை. ஜூம் 10-இல் ஒரு பிக்சலே கிட்டத்தட்ட 150 மீட்டர். ஒரு ஜூமில் எண்ணிய சிவப்புப் பிக்சல்களை இன்னொரு ஜூமில் எண்ணியதோடு ஒப்பிடவே கூடாது. அப்புறம், நிறம் வேகத்தைத்தான் சொல்லும். எத்தனை வண்டி என்று சொல்லாது.

சரி, என் ஆற்றாமைக்கு வருகிறேன். நிறம் இல்லாத பிக்சல் எல்லாமே என்ஏ, அதாவது 'மதிப்பு இல்லை'. ஏரியும் என்ஏ, வீட்டுக்கூரையும் என்ஏ, தரவே இல்லாத தெருவும் என்ஏ. நெரிசல் அடுக்கு இறங்கி முடிவதற்குள் படம் எடுக்கப்பட்டால் நெடுஞ்சாலையும் என்ஏதான். இந்தப் பொங்கலுக்கு, கூட்டம் உச்சத்தில் இருந்த இரவில், என் வீட்டு இணையம் மந்தமாகிவிட்டது. நான் வைத்திருந்த 10 நொடிக் காத்திருப்பு போதவில்லை. எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை ஏழு ஃபைல்கள். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. திறந்தால் எல்லாமே காலி. எனக்கு வேண்டியிருந்ததே அந்த ஒன்றரை மணி நேரம்தான். இது எடுப்பது அந்த நிமிடத்து நிலவரத்தை மட்டும். நேற்றைய இரவைக் கொடு என்று கேட்க வழியே இல்லை. அந்த ஏழு ஃபைல்களை இன்னும் அழிக்க மனம் வரவில்லை.

இப்போது ஜிஎஸ்டி சாலை மேல் ஒரு முகமூடி அடுக்கு, அதாவது அந்தச் சாலையின் பிக்சல்களை மட்டும் குறிக்கும் அடுக்கு, வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படம் வந்ததும் அதற்குள் நிறமுள்ள பிக்சல் எத்தனை என்று எண்ணி, குறைந்தால் காத்திருப்பை 30 நொடியாக்கி உடனே திரும்ப எடுக்கும்படி எழுதிவிட்டேன். பத்து வரிதான். எடுப்பதைச் சேமிக்கவும் பகிரவும் கூகுளின் விதிமுறைகளில் கட்டுப்பாடுகள் உண்டு, அதையும் முதலில் படித்துவிடுங்கள்.

சாதாரண நாட்களுக்கு இதைவிட எளிதான வழி என் கைக்குக் கிடைத்ததில்லை. ஆனால் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு முறை வரும் இரவை இதன் ஒரே ஓட்டத்தை நம்பி விடாதீர்கள் என்றேன். அவர் விடாமல் கேட்டதால், என் குறிநிரலை அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு அவர் வீட்டுக் கணினியிலும் என் கணினியிலும் ஒரே நேரத்தில் ஓட்டுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.