பழைய ஆபீஸ் ஆளை எடுப்பது: ஏஜென்சி வழியா, நேராகவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சுற்றி கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு காலத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்கள்தான். நானும் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்த இடத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, இப்போதைய கம்பெனிக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே டாரிஃப், அதாவது எந்தச் சரக்கு எந்தச் சுங்க எண்ணில் வரும் என்பது, தெரிந்த ஆள் அவசரமாக வேண்டும் என்றதும் எனக்கு நினைவு வந்தது பழைய ஆபீஸ் அக்காதான். இந்த ஊர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். இன்வாய்ஸில் வெறும் 'கிளிப்' என்று இருந்தால் நாங்களெல்லாம் பிளாஸ்டிக் சாமான் என்று 3926-ல் தள்ளிவிடுவோம். அவர் இறக்குமதியாளருக்குப் போன் போட்டு, எந்த வண்டியில் எங்கே மாட்டுவது என்று கேட்டு, போட்டோவும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அது வண்டி பாகங்களுக்கான 8708-க்குப் போகுமா என்று யோசிக்கவே ஆரம்பிப்பார்.

விளம்பரம் போட்டுக் காத்திருப்பது ஒரு வழி. நல்ல ஆள் வேலையில் இருக்கும்போது விளம்பரம் பார்ப்பதில்லை, அதோடு அது முடிந்தது.

ஏஜென்சி இரண்டாவது. 'நான் இழுக்கவில்லை, அவர்கள்தான் கூப்பிட்டார்கள்' என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்காக ஒரு கட்டணமும் அழலாம். ஆனால் இந்த ஊரில் அந்தச் சாக்கு ஒரு நாள் தாங்காது. நான் ஏஜென்சி வழியாக ஆள் எடுத்தது ஒரே முறை, அதுவும் முன்பின் தெரியாத ஒரு பையனை. அதனால் அந்தப் பக்கத்துக்கு நான் முழு நியாயம் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

நான் போனது நேர்வழி. முதலில் என் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். விலகிய பின் 12 மாதம் அங்குள்ள ஆட்களைக் கூப்பிடக்கூடாது என்று இருந்தது, அது தாண்டிவிட்டது. அப்புறம் அக்காவிடம், "உங்க பேப்பர்ல ரெஸ்ட்ரெயின்ட் இருக்கா பாருங்கக்கா" என்றேன். விலகிய பின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்கிற ஷரத்துதான் அது. இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது: 1984-இல் வந்த மேக்னா அலாய்ஸ் என்ற வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு இந்த நாட்டில் அப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அது நியாயமில்லை என்று காட்டுவது கையெழுத்துப் போட்டவர் பாடு. அவருக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய விஷயம், பழைய முதலாளி காதில் இது யார் வாயிலிருந்து விழுகிறது என்பது. அவரோடு எனக்கு உறவு முடிந்துபோகவில்லை. அவர்கள் கன்டெய்னரில் இடம் மிஞ்சினால் எங்கள் சரக்கு ஏறும், எங்களிடம் மிஞ்சினால் அவர்களுடையது. அதோடு அம்கேனி சாலைக் கோயில் காவடியில் அவரை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். ஆபீஸ் வாசலைத் தாண்டினால் எனக்கு அவர் அங்கிள்.

அதனால் இப்படிப் பேசி வைத்தோம்: ஆஃபர் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலை அக்கா தானே போய்ச் சொல்வார், அன்று மதியத்துக்குள் நான் போன் செய்வேன். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி நோட்டீஸ் 4 வாரம். என் மேலதிகாரி அதைப் பணம் கட்டிக் குறைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. மாதக் கடைசிக் கணக்கையும் முடித்துக் கொடுத்துவிட்டு வரட்டும் என்று இன்னும் ஒரு வாரம் சேர்த்துக் கேட்டு வாங்கினேன். எங்களுக்கு அந்த ஐந்து வாரமும் திண்டாட்டம்தான், கஸ்டம்ஸில் போட்ட இரண்டு என்ட்ரி திரும்பிக்கூட வந்தது.

போனில் அங்கிள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சொன்னியே, சரி. ஆனா இதோட நிறுத்திக்கோ, இன்னொருத்தரைத் தொடாதே" என்றார். சரி என்றேன். அடுத்த மாதமே அவர்கள் கன்டெய்னரில் எங்கள் சரக்கு வழக்கம்போல ஏறியது.

ஏஜென்சி வழியாகப் போயிருந்தால் இந்த வாக்கைக் கொடுக்கவேண்டியே வந்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். போன வாரம் அதே ஆபீஸிலிருந்து ஒரு பையன் வாட்ஸப்பில் 'அண்ணா, வேலை இருக்கா' என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.