ஓட்டோபைலட்டா, கையோட்டமா: நெரிசலில் எது?

விமானத்தை இறக்க வரும்போது ஓட்டோபைலட்டிடம் (தானியங்கி ஓட்டியிடம்) விடுவதா, கையால் ஓட்டுவதா? ரத்மலானையில் பறக்கப் படிக்கும் தம்பிமார் வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையில் ஓயாமல் வாதாடும் கேள்வி இது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் மழை, இருப்பது ஒரே ஓடுபாதை, முன்னும் பின்னும் விமானங்கள். அப்போது எது நல்லது?

வேலைச் சுமை
ஓட்டோபைலட்: வானொலி, வானிலை, உயரம் எல்லாம் கவனிக்க மனம் மிஞ்சும்.
கையோட்டம்: ஒருவர் முழுக்க அதிலேயே மூழ்குவார், மற்றவருக்கு வானொலியோடு பொத்தான் வேலையும் சேரும்.

விழிப்பு
கையோட்டம்: பல விமானங்களில் வேகம் குறைந்தால் கைக்கே உறைக்கும்.
ஓட்டோபைலட்: சும்மா பார்த்திருப்பவருக்குக் கண் சோரும். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது மோதி நொறுங்கிய ஏசியானா 214 விமானத்தின் விமானிகள், தானியங்கி உந்துவிசை (இயந்திர விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி) வேகத்தைக் காக்கும் என்று நம்பினார்கள். அது வேகத்தைக் காக்கும் நிலையிலேயே இல்லை. (ஓட்டோபைலட் அப்போது அணைந்திருந்தது, கையால் ஓட்டினாலும், மிச்சமுள்ள தானியங்கியை நம்பிச் சிக்கலாம்.)

பழக்கம்
ஓட்டாத கை துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

நெரிசல், மேகம், களைப்பு என்றால் ஓட்டோபைலட். ஆனால் மோட் (தானியங்கி இயங்கும் நிலை) மாறும் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வானம் தெளிந்து வரிசை குறைந்த காலை என்றால் கையோட்டம். அப்புறம், மோட் ஏன் மாறியது என்று புரியாவிட்டால், அணைத்துவிட்டுக் கையில் எடுப்பவர் பக்கம்தான் நான்.