மிடி கோப்பைக் கண்டால் மயங்கி விழும் மென்பொருளோடு நான்கு வருடம்

நேற்று நண்பர் ஒருவர் கேட்டார், "இத்தனை வருஷமா அந்த இசையமைப்பு மென்பொருளைத்தானே வெச்சிருக்கீங்க, நானும் வாங்கலாமா?" வாங்குங்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது, ஆனால் காலையில்தான் அது ஒரே கோப்புக்கு மூன்று தடவை கண் முன்னாலேயே மூடிக்கொண்டு போயிருந்தது, அதனால் "நாளைக்குச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன்.

இசையமைக்க அதில் ஒரு குறையும் இல்லை. பியானோ ரோலில், அதாவது சுரங்களைக் கட்டங்களாகக் காட்டும் திரையில், ஒரு சுரத்தை இழுத்தால் கை நினைத்த இடத்தில் போய் உட்காரும். அந்தச் சுகம் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தகராறெல்லாம் வெளியிலிருந்து மிடி கோப்பை, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தச் சுரம் எப்போது என்று குறித்துவைக்கும் கோப்பை, உள்ளே கொண்டுவரும்போதுதான். சில கோப்புகளைக் கொடுத்தால் சுட்டி ஒரு விநாடி சுழலும், அப்புறம் வெறும் டெஸ்க்டாப். பிழைச் செய்தி கிடையாது, எந்த டிராக்கில், அதாவது பாட்டின் எந்தத் தனிப் பகுதியில், சிக்கியது என்று ஒரு வரி கிடையாது. விழுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த ஊமைத்தனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் வருடம் முழுக்கக் கணினி மேல்தான் பழி போட்டேன். ரேம் கூட்டினேன், ஆடியோ டிரைவரை மாற்றினேன், எல்லாம் வீண். கடைசியில் ஒரு கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது ஒவ்வொரு பைட்டையும் பதினாறின் அடிமான எண்ணாகக் காட்டும் கருவியில், திறந்தேன். மிடி கோப்பு 'எம்டிஎச்டி' என்ற நான்கு எழுத்தில் தொடங்கும், அந்தத் தலைப்பு மொத்தமே 14 பைட், அதற்குள்ளேயே எத்தனை டிராக் என்றும் எழுதியிருக்கும். 12ஆவது பைட்டில் 11 என்றிருந்தது, அந்த ஹெக்ஸ் 11 நம் கணக்கில் 17. ஆனால் 'எம்டிஆர்கே' என்று தொடங்கும் பகுதிகளை எண்ணினால் 16தான், இரண்டு முறை எண்ணினேன். இல்லாத பதினேழாவதைத் தேடிப் போய்த்தான் நம்ம ஆள் விழுந்திருக்கிறார்! அந்த 11ஐ 10 ஆக்கி (நம் கணக்கில் 16) சேமித்தேன், பாட்டு முழுசாகத் திறந்தது. சந்தோஷப்படுவதா, இதைக்கூடச் சரிபார்க்காமல் எழுதியவரைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

இன்னொரு கோப்பு 'ஆர்ஐஎஃப்எஃப்' என்று ஆரம்பித்தது, அதாவது உள்ளே சரியான மிடி, மேலே ஒரு உறை. முன்னால் இருந்த 20 பைட்டை வெட்டியதும் வந்துவிட்டது. நேற்றுக் காலையில் படுத்தியது டிராக் பெயர்: அனுப்பியவர் தமிழில் 'புல்லாங்குழல்' என்று வைத்திருந்தார், ஆங்கில எழுத்தில் மாற்றினேன், உடனே திறந்தது. என் மொழியைப் பார்த்து மயங்கும் மென்பொருளுக்கு நான் சந்தா கட்டுகிறேன்.

மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் திறந்து திரும்ப மிடியாக ஏற்றுமதி செய்து கொண்டுவருவதும் ஒரு வழி. ஆனால் அது எல்லாவற்றையும் இசைக்குறிப்பாக மாற்றும்போது சுரங்களின் நேரத்தைக் கட்டத்துக்குள் அடக்கிவிடும், கையால் வாசித்ததில் இருந்த அந்தச் சின்னத் தள்ளாட்டம் போய்விடும். தட்டச்சு போட்ட மாதிரி எழுதிய பாட்டென்றால் பரவாயில்லை.

இப்போதெல்லாம் எந்த மிடியையும் முதலில் காலி ப்ராஜெக்ட்டில்தான் போட்டுப் பார்க்கிறேன், சேமிக்காத வேலையோடு சேர்ந்து விழுந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு வந்த புத்தி.

இன்று காலை நண்பருக்குப் பதில் அனுப்பினேன்: வாங்காதீங்க. "அப்போ நீங்க எதுக்கு மாறப் போறீங்க?" என்று கேட்டார். போன வாரம்தான் இன்னொரு வருடத்துக்குப் பணம் கட்டினேன் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.