ஏறவும் இறங்கவும் ஒரே சைக்கிள்: ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ அலாய்

டிரெயிலும் (ஏற்றமும் இறக்கமும் கலந்த மலைப் பாதை) ஓட்ட வேண்டும், டவுன்ஹில்லும் (இறக்கம் மட்டுமேயான பாதை) இறங்க வேண்டும், எந்த மவுண்டன் பைக் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மலை உச்சிக்கு எப்படிப் போவீர்கள்? மிதித்தா, கம்பியில் தொங்கிப் போகும் சேர்லிஃப்டிலா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

நான் இருப்பது கனடாவில், வான்கூவர் பக்கம். பெரும்பாலும் ஃபுரோம், சீமோர் மலைகளில் மிதித்து ஏறி, வேரும் பாறையும் ஈரமுமான பாதைகளில் இறங்குகிறேன். கோடையில் சில சனிக்கிழமைகள் நெடுஞ்சாலை 99-இல் ஏறி ஸ்குவாமிஷ், இல்லாவிட்டால் லிஃப்டில் ஏறி சைக்கிளில் இறங்கும் விஸ்லர். முக்கால் பங்கு மிதி, கால் பங்கு லிஃப்ட். இந்தக் கணக்குக்குப் பொருத்தமாக நான் எடுத்தது ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ காம்ப் அலாய், அதாவது அலுமினியச் சட்டகம் உள்ளது. சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு முன்னால் 160 மில்லிமீட்டர், பின்னால் 150, இரண்டு பக்கமும் 29 அங்குலச் சக்கரம்.

ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயர் 1981-இல் இருந்து வருகிறது. கடையில் போய் வாங்கக்கூடிய மவுண்டன் பைக்காகப் பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் வண்டி அதுதான். அந்த வரிசையில் ஈவோ என்பது கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. சாதாரண ஸ்டம்ப்ஜம்பரில் பின் சஸ்பென்ஷன் 130 மில்லிமீட்டர்தான்.

கடைகளில் எல்லோரும் முதலில் பார்ப்பது இந்த மில்லிமீட்டர் எண்ணைத்தான். எனக்கு அது இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கக் கோணம், அதாவது ஹெட் ஆங்கிள்: முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தரையோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது. எண் குறையக் குறைய சாய்வு கூடும். அது சாயச் சாய முன் சக்கரம் உடம்பை விட்டு முன்னால் தள்ளி நிற்கும். செங்குத்தான பாறையில் இறங்கும்போது ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற விழப்போகிறோம் என்ற பயம் குறையும். ஆனால் அதே சாய்வு மெதுவாக ஏறும்போது தொல்லை தரும்: முன் சக்கரம் ஒரு கோட்டில் நிற்காமல் இடமும் வலமும் அலையும். டிரெயிலுக்கும் டவுன்ஹில்லுக்கும் நடுவே இருக்கும் உண்மையான இழுபறி இங்கேதான்.

ஈவோவை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகவே. கம்பெனியில் இருந்து வரும்போது 64.5 டிகிரி. அதை 63 முதல் 65.5 வரை மாற்றலாம். ஹெட்செட்டின் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) மேல் கிண்ணத்தை மாற்றினால் முன்னும் பின்னும் ஒரு டிகிரி. பின் கம்பியில் இருக்கும் சிப் என்ற சிறு உலோகத் துண்டைத் திருப்பிப் போட்டால் அரை டிகிரியும், பெடல் அச்சின் உயரத்தில் 7 மில்லிமீட்டரும். சிப்புக்கு ஆலன் சாவி போதும். கிண்ணத்துக்கு, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் கழற்றி ஃபோர்க்கைக் கீழே இறக்க வேண்டும். அழுத்திச் செலுத்தும் கருவி எதுவும் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மழைக்காலம் முழுக்க 64.5-இல் விட்டுவிடுகிறேன். கோடை பிறந்து விஸ்லர் போகத் தொடங்கியதும் 63.5. ஒவ்வொரு வாரமும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒருமுறை போதும்.

ஏற்றத்தில் எப்படி? பறக்காது. பெடலோடு சேர்த்து 16 கிலோவை ஒட்டி வருகிற வண்டி அது. ஆனால் சீட் குழாய் நிமிர்ந்திருப்பதால் இடுப்பு பெடலுக்கு நேர் மேலே இருக்கிறது. ஸ்குவாமிஷின் லெகசி ஏற்றத்தில் வளைவு வளைவாக ஏறும்போதும் முன் சக்கரம் தூக்கவில்லை. உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே போகலாம். பின் சஸ்பென்ஷனான ஷாக்கின் நெம்புகோலைப் பூட்டினால் மண் சாலையில் இன்னும் சுலபம்.

இறக்கம்தான் இதன் வீடு. லெகசி ஏறி ஹாஃப் நெல்சன் பாதையில் இறங்கும்போது, மண்ணை அணைகட்டியதுபோல் உயர்த்திய ஒவ்வொரு வளைவிலும் வண்டி உட்கார்ந்து எழுந்து வேகம் கூட்டிக்கொள்கிறது. அந்தச் சுகத்தைப் பெரிய டவுன்ஹில் வண்டியில் நான் அனுபவித்ததில்லை. 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், பாதையே தெரியாது. விஸ்லரில் கிராங்க் இட் அப், ஏ-லைன் என்ற இரண்டு தாவல் பாதைகளிலும் 150 போதும். தாவி இறங்கும் இடங்கள் சீராகக் கட்டப்பட்டிருப்பதால் சஸ்பென்ஷனின் அளவைவிட ஓட்டுபவரின் நேரக்கணிப்புதான் பெரிது. ஷ்லேயர் மாதிரி பாறைப் பாதைகளில் கதை வேறு. அங்கே வேகம் பிடித்தால் ஈவோ தன் எல்லையைக் காட்டிவிடும், காலும் கையும் சீக்கிரம் களைத்துவிடும். கோடை முழுக்க சீசன் பாஸ் வைத்துக்கொண்டு அதே பாதைகளில் கிடப்பவர், முன்னும் பின்னும் 170 உள்ள, அதே கம்பெனியின் என்டூரோ மாதிரியான வண்டிக்குப் போவதே நல்லது. வருடத்துக்குச் சில நாள் மட்டும் என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் டவுன்ஹில் வண்டியை வாடகைக்கு எடுக்கலாம்.

வாங்கியதும் பணம் போட வேண்டிய இடம் டயர். இதோடு வருபவை கிரிட் டிரெயில் வகை. பெயரிலேயே இருக்கிறது, டிரெயிலுக்குப் போதும், உருளவும் நன்றாக உருளும். லிஃப்டில் ஏறுகிற நாட்களுக்கு அதே கம்பெனியின் கிரிட் கிராவிட்டி வகையைப் பின்னால் மட்டுமாவது போடுங்கள், பக்கச்சுவர் தடிமன். என் எடை 70 கிலோ. டிரெயிலில் டயர் காற்றழுத்தம் முன் 21, பின் 24 பிஎஸ்ஐ. விஸ்லரில் இரண்டிலும் 3 கூட்டுவேன். ஷாக்கிலும் அப்படித்தான். அதன் மொத்த ஓட்டம் 55 மில்லிமீட்டர். நான் ஏறி நின்றால் 16 அமுங்கும்படி காற்று வைப்பது டிரெயிலுக்கு. தாவுகிற நாளில் 14. இந்த இரண்டு மில்லிமீட்டரில் வண்டியின் குணமே மாறிவிடும்.

பிரேக் எஸ்ராம் கோட் ஆர், முன்னால் 200 மில்லிமீட்டர் தட்டு. நீண்ட இறக்கத்தில் விரல் ஒன்று போதும். இந்த விலை வண்டிகளில் எத்தனையோவற்றில் இந்த இடத்தில்தான் சிக்கனம் பார்க்கிறார்கள், இதில் அப்படி இல்லை. கீழ்க் குழாய்க்குள் பொருள் வைக்கும் அறையும் உண்டு. டியூப், பம்ப், ஒரு மழைச் சட்டை எல்லாம் அதற்குள் போய்விடும், முதுகில் பை வேண்டாம்.

சட்டகம் கார்பனா அலாயா? கார்பன் இலகு, ஏற்றத்தில் தெரியும். ஆனால் விலை வித்தியாசத்தில் நல்ல டயர், பிரேக் பேட், ஒரு கோடைக்கான லிஃப்ட் டிக்கெட் எல்லாம் வந்துவிடும். இந்த இரட்டை வேலைக்கு நான் அலாய்தான் சொல்வேன்.

அளவில் நிதானமாக இருங்கள். இது எஸ்1 முதல் எஸ்6 வரை வரும். 175 சென்டிமீட்டர் உயரம் உள்ள எனக்கு எஸ்3, எஸ்4 இரண்டுமே பொருந்தும். வேகத்தில் நிலையாக நிற்பது முக்கியம் என்பதால் 475 மில்லிமீட்டர் ரீச் (பெடல் அச்சில் இருந்து முன் குழாயின் உச்சி வரை கிடைமட்டத் தூரம்) உள்ள எஸ்4 எடுத்தேன். மரங்களுக்கு நடுவே நெளிந்து ஓட்டுபவர் சிறியதையே எடுக்கலாம்.

2024-இல் ஸ்டம்ப்ஜம்பர் 15 வந்தது. சாதாரணம், ஈவோ என்ற இரண்டு வகைகளையும் ஒன்றாக்கிப் பின் சஸ்பென்ஷன் 145 என்று வைத்துவிட்டார்கள். அதனால் ஈவோ இப்போது பழைய சரக்கு, கை மாறி வருவதும் அதிகம். பழையதை வாங்கப் போனால் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, இணைப்புகளில் லொடலொடப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க் குழாயின் அடியில் நெளிவு உண்டா என்று குனிந்து பாருங்கள். அப்புறம், அந்த உதிரி ஹெட்செட் கிண்ணத்தைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். புதிதாக வரும்போது அது கூடவே வரும், விற்கும்போது பலருக்கு நினைவிருப்பதில்லை.