மோல்மீனிலிருந்து மூட்டையோடு ரங்கூனுக்கு: ரயிலா, பஸ்ஸா?

ரங்கூனுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலையை. நான் விசாரிப்பது வேறு. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து அங்கே இறங்கும் வீட்டு வாசல் வரை மூட்டையை எத்தனை தடவை தூக்கி இறக்க வேண்டும்? போன தடவை அத்தையைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனபோது பத்து வீசை அரிசி, ஒரு பொட்டலம் கருவாடு, இரண்டு துணிப்பை இருந்தன. தூக்க நான் ஒருத்திதான். போகும்போது பஸ், அடுத்த மாதம் மறுபடி காட்டப் போனபோது ரயில். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

எக்ஸ்பிரஸ் பஸ் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், சீட்டும் சாயும். மூட்டை அடிப்பெட்டிக்குள் போய்விடும். கருவாட்டை மட்டும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள், ஏசி வண்டியில் வாசம் வெளியே போகாது. அதுவரை குறையே இல்லை. குறை கடைசியில்தான். பஸ் நிற்கும் அவுங் மிங்கலா நகரத்தின் வடக்குக் கோடி. அங்கிருந்து அனவ்ரட்டா ரோடு காளி கோயில் பக்கம் வர, நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பஸ் டிக்கெட் மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் துண்டுப் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அங்கிருந்து டவுன் பஸ் ஏறலாமா? 2017 ஜனவரியில் வைபிஎஸ் (யாங்கூன் பஸ் சர்வீஸ்) வந்த பிறகு ரங்கூன் பஸ் எவ்வளவோ திருந்திவிட்டது. கத்திக் கூப்பிட்டு ஆள் திணித்த சப்பேயா (கண்டக்டர்) அதோடு போனார், காசை டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போட்டால் போதும் என்றானது. கைவீசி வருகிறவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் அந்தச் சப்பேயாதான் மூட்டைக்கு ஒரு கை கொடுப்பார். அன்றைக்கு அரிசி மூட்டையை முதலில் படியில் ஏற்றினேன், பிறகு அத்தையை. நடுவழியில் மூட்டை கிடக்க, இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மாள் லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லை, பரவாயில்லை” என்று பர்மியத்தில் சொல்லியபடியே தாண்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு தோள்பை என்றால் வைபிஎஸ். அதற்கு மேல் என்றால் வேண்டாம். இந்தியாவிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: பஸ் நம்பர் பர்மிய எண்ணிலும் இருக்கும், பூஜ்யம் முதல் ஒன்பது வரை அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது.

டாக்ஸியில் வாசலிலேயே இறங்கலாம். மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசிவிட வேண்டும், அல்லது போனில் கிராப் ஆப் வழியாகக் கூப்பிட வேண்டும். எண்ணெய் விலைக்குத் தக்கபடி கூலி மாறுவதால் இங்கே தொகை எழுதிப் பயனில்லை. ஆனால் பேரம் பேசுவதற்கு முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். ரங்கூன் டாக்ஸிகளில் நிறைய கேஸில் ஓடுகிறவை, டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். எங்கள் அரிசி மூட்டை கடைசியில் அத்தையின் காலடியில்தான் வந்தது. பின்பக்கம் நீளமாக இருக்கும் புரோபாக்ஸ் வண்டி கிடைத்தால் விடாதீர்கள்.

இனி ரயில். மெதுவாகத்தான் போகும். ஒன்பது பத்து மணி நேரம், தாமதமானால் அதற்கு மேலும். மீட்டர் கேஜ் பாதையில் அது ஆடுகிற ஆட்டத்தில் டீ டம்ளரைக் கீழே வைக்க முடியாது. ஆனாலும் மூட்டைக்காரர்களுக்கு என் ஓட்டு ரயிலுக்குத்தான். ஜன்னல் திறந்திருக்கும். உள்ளே ஒருவர், பிளாட்பாரத்தில் ஒருவர் நின்றால் படியேறாமலே சாமான் உள்ளே போய்விடும். சீட்டுக்கு அடியிலும் தலைக்கு மேலும் இடம் உண்டு, மூட்டை கண் முன்னாலேயே இருக்கும். முன்பெல்லாம் திரும்பி வரும்போது எதிர்க்கரை மொட்டமாவில் இறங்கி, மூட்டையோடு படகேறி சால்வின் ஆற்றைக் கடந்ததை அத்தை இன்னும் சொல்வார். 2005-ல் பாலம் திறந்த பிறகு அந்தத் தூக்கல் ஒழிந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம், இறங்குவது நகரத்துக்குள்ளேயே. 1954-ல் திறந்த அந்த அடுக்குக் கூரை ஸ்டேஷனின் முகப்பு வடக்குப் பக்கம் பார்த்திருக்கிறது. நம் ஆட்கள் இருக்கும் தெருக்கள் தெற்கே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடந்தால் மேம்பாலம் ஏற வேண்டும். மூட்டையோடு அதைச் செய்யாதீர்கள். வாசலில் டாக்ஸி பிடியுங்கள், தூரம் குறைவு என்பதால் கூலியும் குறைவுதான். உள்பேட்டையில் கடைசித் துண்டுக்கு சைக்கா (சைக்கிள் ரிக்ஷா) நல்லது. முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு சீட்டில் ஒன்று அத்தைக்கு, ஒன்று அரிசிக்கு.

ரங்கூனைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பற்றியும் கேட்கிறார்கள். டன்யின்கோன் சந்தைக் காய்கறிக் கூடைகளே அதில்தான் வருகின்றன, உங்கள் பையை யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் சுற்றி வர மணிக்கணக்கில் ஆகும். போகிற வீடு ஸ்டேஷனை ஒட்டி இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

எதில் போனாலும் கிளம்பும் முன் வழி நிலவரத்தை விசாரியுங்கள். அடையாள அட்டை மேல்பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது மட்டும் நான் பஸ். அரிசியும் கருவாடும் இறங்கிவிட்டிருக்கும், தெய்ஞ்ஜி சே சந்தையில் வாங்கிய மசாலாவும் பூஜைச் சாமானும்தான் சுமை. சில பஸ் கம்பெனிகள் டவுனிலிருந்து அவுங் மிங்கலாவுக்கு ஃபெரி (ஆட்களைக் கொண்டுபோய் விடும் வண்டி) விடுவதுண்டு, டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். குத்துவிளக்கு வாங்கியிருந்தால் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பெட்டியில் போட்ட என் விளக்கு தண்டு வளைந்துதான் வீடு வந்தது.