ஃபூக்கோவின் துவாரெக்–பிரெஞ்சு அகராதி: தேடுவதற்குக் கடினம், படிப்பதற்கு இன்பம்

ஓர் அகராதியை மதிப்பிட முற்படுவோர் அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்றுதான் முதலில் கேட்பார்கள். சஹாராப் பாலைவனத்தில் வாழும் துவாரெக் மக்களின் மொழிக்கு ஷார்ல் து ஃபூக்கோ தொகுத்த துவாரெக்–பிரெஞ்சு அகராதியைத் திறந்ததும் கண்ணில் படுவதோ அதன் கையெழுத்து. பிரான்சின் அரசு அச்சகம் 1951–52இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட இந்நூலின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் எதுவும் அச்சுக்கோக்கப்பட்டதன்று. ஆசிரியர் கைப்பட எழுதிய படியே ஒளிநகலாக்கப்பட்டிருக்கிறது. (தமிழ்ச் சிற்றிதழ்கள் நமக்குப் பழக்கப்படுத்திய மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ வேறு, இவர் வேறு, பிரெஞ்சில் இரு பெயர்களின் எழுத்துக்கூட்டலும் ஒன்றன்று.)

1858இல் ஸ்திராஸ்பூர்கில் பிறந்து, படை அதிகாரியாக இருந்து, 1883–84இல் யூதர் வேடத்தில் மொராக்கோவைச் சுற்றி அளந்து, பின்னர் துறவியான ஃபூக்கோ, 1905இல் அல்ஜீரியப் பாலைவனத்தின் அஹாக்கார் மலைப்பகுதியில் உள்ள தமன்ராசெத்தில் குடியேறினார். பெர்பர் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த துவாரெக்கின் அஹாக்கார் வழக்கை, 1916 டிசம்பர் முதல் நாள் அவர் கொல்லப்படும் வரையிலான பதினோரு ஆண்டுகள், பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி, அங்கிருந்தோரிடம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தார். மொழியாய்வு நூல்களில் தம் பெயர் இடம்பெறக் கூடாது என்பதும், தமக்கு முன்னே மறைந்த நண்பர் மொத்திலின்ஸ்கியின் பெயரில் அவை வெளிவர வேண்டும் என்பதும் அவர் விருப்பமாக இருந்தன. அவருக்குப் பின் பெர்பர் மொழியியலறிஞர் ரெனே பாசேயும் அவருடைய மகன் ஆந்திரே பாசேயும் பதிப்புப் பணியை ஏற்றார்கள்; சுருக்க அகராதி 1918–20இலும், அவர் திரட்டிய துவாரெக் பாடல்கள் 1925, 1930 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகவும் வந்தன. முழு அகராதிதான் மிகவும் காத்திருந்தது.

பயன்பாட்டைப் பற்றிச் சொன்னால், புதியவருக்கு இந்நூல் இரக்கம் காட்டாது. சொற்கள் எழுத்து வரிசைப்படி வருவதில்லை. மெய்யெழுத்துகளாலான வேரின்கீழ் அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு சொல்லைத் தேடும் முன் முன்னொட்டுகளையும் உயிர்களையும் உரித்து வேரைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'எல்மெத்' என்றால் கற்றல். 'ஸ' சேர்ந்து 'ஸெல்மெத்' ஆனால் கற்பித்தல். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். நம்முடைய கல், கற்பி என்பவற்றை ஒரே பகுதியின்கீழ் வைப்பது போன்றதுதான் இது என்று புரிந்துகொண்ட பிறகு எனக்குத் தேடல் ஓரளவு எளிதாயிற்று. ஆயினும் ஒலிமாற்றம் நேர்ந்த சொற்களில் பலமுறை வழி தவறினேன். அம்மொழிக்கு அதைப் பேசுவோர் வழங்கும் பெயரான 'தமாஹக்' என்பதே நல்ல எடுத்துக்காட்டு: முன்னும் பின்னும் 'த' சேர்த்துப் பெண்பாலாக்கும்போது வேரின் இறுதியிலுள்ள தொண்டையொலி அந்தத் தகரத்தோடு கலந்து ககரமாகிவிடுவதால், வேர் முகம் மறைத்துக்கொள்கிறது. வினைச்சொற்களுக்குத் திரிபு வாய்பாட்டை எண்ணாலும் மாதிரி வினையாலும் குறிக்கும் முறை சிக்கனமானது. அந்த எண்கள் மனத்தில் படியச் சில வாரங்களாவது ஆகும்.

இத்தனை தொல்லையையும் மறக்கச் செய்வது விளக்கங்களின் விரிவு. பல பதிவுகள் பொருள் கூறுவதோடு நிற்காமல் சிறு கட்டுரைகளாகவே வளர்கின்றன. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ளன, பொருள்களுக்குப் பேனாக் கோட்டோவியங்களும் உள்ளன. ஆண்களும் பெண்களும் கூடி, பெண்கள் ஒற்றை நரம்பு இசைக்கருவியான 'இம்ஸாத்' வாசிக்கக் கவிதை சொல்லி மகிழும் மாலைக் கூடலான 'அஹால்' பற்றிய பகுதியை நான் அகராதி என்பதையே மறந்து படித்தேன். கூடாரம் என்னும் பொருளுடைய 'எஹென்' என்ற சொல்லையும் நிதானமாகப் படிக்க வேண்டும்: துவாரெக்குகளிடையே கூடாரம் பெண்ணுக்குரியது, 'கூடாரம் அமைத்தல்' என்றால் திருமணம் செய்தல்; சொல்லிலிருந்து சமூகம் அப்படியே எழுந்து நிற்கிறது.

குறைகள் உண்டு. குறு உயிரொலிகளிடையே பொருள் வேறுபடுத்தும் நுண்மை ஃபூக்கோவின் குறியீட்டில் சீராகப் பதியவில்லை. அதைத் தெளிவாக்கியவர் பின்னர் வந்த டேனிய அறிஞர் கார்ல் பிராஸே. நூலில் உள்ளது அஹாக்கார் வழக்கு மட்டுமே என்பதால், நைஜர் நாட்டுத் துவாரெக் பனுவல்களைப் படிப்போர் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவார்கள். ஃபூக்கோ பிரெஞ்சுப் படையினரோடு நெருங்கிப் பழகியவர் என்பதையும் வாசகர் மறக்கலாகாது. மக்களையும் வழக்கங்களையும் அவர் மதிப்பிடும் இடங்களில் அக்காலக் குடியேற்ற ஆட்சியின் பார்வை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்ட நேர்மையை அது பெரிதும் பாதிக்கவில்லை என்பது என் கருத்து.

1970களில் வெளிவந்த பிராஸேயின் துவாரெக் இலக்கணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயன்படுத்துவோருக்கு இந்நான்கு தொகுதிகளும் நிறைவான பலன் தரும். பிரெஞ்சு அறியாதவர்களும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் விரைவாகக் கிடைத்தால் போதும் என்பவர்களும் வேறு நூலை நாடுவதே நல்லது.