டிஸ்க் செத்துப்போச்சு என்று கடையில் சொன்னால் உடனே காசைக் கட்டாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அலுவலகத்தில் லினக்ஸ் சேர்வர் வைத்திருப்பவர்கள், அதுவும் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து (பாஸ்வேட் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் வாசியுங்கள். நல்ல டிஸ்க்கைச் செத்துப்போனது என்று சொல்லி என்னிடம் 85,000 ரூபா கேட்டார்கள். 15,000 முற்பணமாக வாங்கியும் விட்டார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றப் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கல்லடியில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். கடைகள், அரிசி ஆலைகள், சில தனியார் கிளினிக்குகள் ஆகியவற்றின் சம்பளப் பட்டியல், ஈபிஎஃப், ஈடிஎஃப், வருமான வரி எல்லாம் எங்கள் கையில். ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, சம்பளம் என்று அடுத்தவர் விபரமே நிறைந்த மெஷின். அதனால்தான் அக்காவின் மகன் அதை அமைக்கும்போதே உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, டிஸ்க்கை லக்ஸ் (LUKS) என்ற லினக்ஸ் என்கிரிப்ஷன் முறையில் பூட்டிவிட்டான். களவு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் வாசிக்க முடியாது. ஓன் செய்தால் முதலில் பாஸ்வேட் கேட்கும். அதைக் கொடுத்தால்தான் மேலே போகும்.

போன நவம்பரில் நல்ல மழை, இடி. இரவு முழுக்கக் கரண்ட் வந்து வந்து போனது. யூபிஎஸ் தாங்கிய மட்டும் தாங்கிவிட்டு நின்றுவிட்டது. காலையில் மெஷினை ஓன் செய்தால் பாஸ்வேட் கேட்கவே இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடி, கேர்னல் பானிக் என்று நின்றது; லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதே வரியில் ரூட் எஃப்எஸ்ஸை (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பகுதியை) மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் ப்ளொக் 0,0 என்றும் இருந்தது. போனில் படம் எடுத்து வைத்தேன். மெஷினை அமைத்த அந்த மருமகன் கட்டாரில், வேலை நேரம், போன் எடுக்கவில்லை. நவம்பர் 30 வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். டவுனுக்குக் கொண்டுபோனேன்.

கடையில் அந்தப் படத்தைக் காட்டினேன். முதலாளி அதைப் பார்க்கக்கூட இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார், யூஎஸ்பி கேபிளில் மாட்டினார், தன்னுடைய விண்டோஸ் லெப்டொப்பில் செருகினார். டிஸ்க்கைப் பாவிப்பதென்றால் முதலில் ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. லெப்டொப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க சேர், ரோ என்று காட்டுது. இடி அடிச்சு டிஸ்க் முடிஞ்சுது. கொழும்புக்கு அனுப்பித்தான் டேட்டா எடுக்கணும்." டேட்டா எடுக்க 45,000, புது எஸ்எஸ்டி 28,000, விண்டோஸ் போட்டுத் தரும் சேர்விஸ் 12,000.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். லக்ஸ் போட்டுப் பூட்டிய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால், டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதே பெட்டி வரலாம். விண்டோஸுக்கு லக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. சாதாரண லினக்ஸ் பகுதியைக் கூட அது ரோ (RAW), அதாவது தனக்கு வாசிக்கத் தெரியாதது, என்று காட்டக்கூடும். அந்தப் பெட்டியைக் காட்டி டிஸ்க் செத்தது என்று ஒரு கடைக்காரர் சொன்னால், ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். என்னுடைய கடைக்காரர் இரண்டாவது வகை என்பதுதான் என் கணிப்பு. பிறகு பேசும்போது லக்ஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்தே வந்தது.

அந்தப் பெட்டியில் ஓகே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பூட்டிய பகுதியின் தொடக்கத்தில் ஹெடர் என்று சிறிய ஒரு இடம் இருக்கிறது. டிஸ்க்கைத் திறக்கும் உண்மையான திறப்பு, நம் பாஸ்வேட்டால் மூடப்பட்டு, அங்கேதான் கிடக்கிறது. பிரதி எடுத்து வைக்காமல் அது அழிந்தால் சரியான பாஸ்வேட் கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை. கொழும்பில் அல்ல, எங்கே கொண்டுபோனாலும் எடுக்க முடியாது.

இன்னொன்று. வேலைத் துண்டில் பாஸ்வேட் என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதை நிரப்பச் சொன்னார்கள். மறுத்தேன். "அப்ப எங்களால பொறுப்பு எடுக்க ஏலாது" என்றார் முதலாளி. டிஸ்க் செத்துவிட்டது என்றால் பாஸ்வேட் எதற்கு? பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கேட்டபோது, புதுசு போட்டால் பழசு கடைக்கு என்று ஒரு கதை சொன்னார்கள். கடையிலேயே நின்று பழைய டிஸ்க்கை மெஷினுக்குள் மாட்டுவித்துத்தான் வெளியே வந்தேன். 15,000 மட்டும் வரவில்லை. 'பரிசோதனைக் கட்டணம்' என்று திகதி கூட இல்லாத ஒரு துண்டு தந்தார்கள்.

இரவு மருமகன் வீடியோ கோலில் வந்தான். படத்தை அனுப்பினேன். பார்த்ததும் கேட்டான்: "மாமா, டிஸ்க் செத்திருந்தா இந்த எழுத்தெல்லாம் எங்க இருந்து வந்தது?" அவ்வளவுதான் விஷயம். எந்தக் கேர்னலைத் தொடங்குவது என்று தெரிவு செய்யும் கிரப் மெனுவும், கேர்னலும் அதே டிஸ்க்கில் இருந்துதான் வாசிக்கப்படுகின்றன. மெஷின் அவ்வளவு தூரம் போயிருக்கிறதென்றால் டிஸ்க் சுழல்கிறது, வாசிக்கிறது. பாஸ்வேட் கேட்கும் கட்டத்துக்கு முன்னாலேயே வேறு ஏதோ தடுக்கியிருக்கிறது.

உபுண்டு பென் டிரைவில் மெஷினைக் கிளப்பினோம். முதலில் பார்த்தது டிஸ்க்கின் ஸ்மார்ட் (SMART) அறிக்கை, டிஸ்க் தன் நிலைமையைத் தானே பதிந்து வைக்கும் அறிக்கை. பழுதான செக்டர் ஒன்றுமில்லை. பூட்டிய பகுதியைக் கிளிக் செய்ததும் பாஸ்வேட் கேட்டது, திறந்தது. சம்பளப் பட்டியல், ஈபிஎஃப் சி படிவம் எல்லாம் வைத்தது வைத்தபடி. வேறு எதையும் தொடுவதற்கு முன் அத்தனையையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுக்கச் சொன்னான்.

காரணம் இதுதான். டிஸ்க்கைப் பூட்டினாலும், மெஷின் தொடங்கும்போது வாசிக்கும் பூட் (boot) என்ற சிறிய பகுதி பூட்டாமல் வெளியே இருக்கும். கேர்னலும், பாஸ்வேட் கேட்கும் வேலையைச் செய்யும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பும் அதில்தான் இருக்கும். உபுண்டு தானாக அப்டேட் ஆகி ஆகிப் பழைய கேர்னல்கள் சேர்ந்து, அந்தப் பகுதி நிரம்பிவிட்டது. கடைசியாக வந்த கேர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடமில்லை. சேர்வரை மாதக்கணக்கில் யாரும் நிறுத்தவில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. கரண்ட் போய் வந்ததும் அது புதுக் கேர்னலை எடுத்தது, பூட்டைத் திறக்க ஆள் இல்லை, விழுந்தது. இடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓன் செய்தவுடன் எஸ்கேப் கீயைத் தட்டி (பழைய பயோஸ் மெஷின் என்றால் ஷிஃப்டைப் பிடித்து) கிரப் மெனுவை எடுத்தோம். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்ததும் பாஸ்வேட் கேட்டது. அப்புறம் தேவையில்லாத கேர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, கிரப்பையும் அப்டேட் செய்தான். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேர வேலை. அதே கையோடு கிரிப்ட்செட்டப் கட்டளையால் ஹெடருக்கு ஒரு பிரதியும் எடுத்தான். லக்ஸ் 2 என்றால் வழக்கமாக 16 எம்பிதான் வரும், எந்தப் பென் டிரைவிலும் அடங்கும். ஆனால் அதையும் திறப்பு மாதிரிப் பூட்டித்தான் வைக்க வேண்டும், மேசை லாச்சியில் போடக்கூடாது.

ஆகவே கடைக்குக் கொண்டுபோவதென்றால் திரையைப் படம் எடுங்கள். அந்தப் படத்தைப் பார்க்காமலே டிஸ்க்கைக் கழற்றுகிறவரிடம் மெஷினைக் கொடுக்க வேண்டாம். லினக்ஸ் பென் டிரைவில் போட்டு ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேட்டைத் துண்டில் எழுதிக் கொடுக்கவே வேண்டாம், தேவையென்றால் நீங்களே பக்கத்தில் நின்று அடியுங்கள்.

முற்பணத்துக்காகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. கேட்டால் வியாபாரி ரசீது தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது, அதனால் திகதி, தொகை, செய்த வேலை மூன்றும் போட்ட ரசீதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். திகதி இல்லாத அந்தத் துண்டையும் ஸ்மார்ட் அறிக்கையையும் முறைப்பாட்டோடு இணைத்திருக்கிறேன். இதே 'ரோ' கதையைக் கேட்டுக் காசு கட்டியவர்கள் இருந்தால், உங்கள் ரசீதை வைத்துத் தனியாக ஒரு முறைப்பாடு போடுங்கள்.